நீர்மேடு மூன்று பாகமும் நானும்

டிச. 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட சுடிதார் இன்னும் காயவில்லை. பால்காரர் மழையைச் சாக்கு வைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார். கேட்டால் சிரிக்கிறார்.

பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கான நாவல்கள். நான் படித்து 'சரி' என்று எழுதினால்தான் அலமாரி ஏறும். கரஸ்பாண்டன்ட் சார் உத்தரவு. "லவ்வு கிவ்வு இருந்தா பாத்துக்கங்கம்மா." அவர் கடைசியாகப் படித்த நாவல் எது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இதுவரை:

ஹாஸ்டல் பேய் வரிசை, 4 பாகம். பேய்க்கே அலுத்துப்போயிருக்கும். ஆனாலும் பிள்ளைகள் இதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். சரி.

கோச்சிங் சென்டர் காதல். கதை நடப்பது தஞ்சாவூரிலாம். ஒருத்தரும் பஸ் ஏறவில்லை, ஒருத்தருக்கும் வேர்க்கவில்லை. எழுதியவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வேண்டாம்.

சோழர் காலத்துக்குப் போகும் பையன். பின்னட்டையில் நாலு பேர் பாராட்டு. நாலும் ஒரே ஆள் எழுதியது போல் இருக்கிறது. இப்போதைக்கு நிறுத்தி வைப்பு.

நாளைக்கு: 'நீர்மேடு', பாகம் 1, 2. கடல் ஏறி டெல்டாவே மூழ்கிப்போன காலம். மிஞ்சிய மேட்டில் ஓர் ஊர். யாரும் வெளியே போகக் கூடாது. எழுதியவர் பெயர் 'நுரை'. போட்டோ இல்லை, ஊர் இல்லை. ஒளிந்துகொண்டு எழுத என்ன அவசியம்?

டிச. 11, வியாழன்

மழை விட்டுவிட்டு. மதியச் சாப்பாட்டை மறந்து நீர்மேடு பாகம் 1 முடித்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பெண்கள், மதி, இனியா. மதிதான் 'நான்' என்று கதை சொல்கிறாள். வீடு உப்பளத்துப் பக்கம். தோழி இனியா எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தில் தொடங்குவாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பாள். வேர்க்கடலையின் சிவப்புத் தோலைச் சேர்த்து வைத்துத் தனியாகத் தின்பாள்.

கடலைத் தோல் தின்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து நான் ஒருத்தி.

அது தெரிந்தவள் என் பள்ளித் தோழி மெர்லின் ஒருத்தி. அவள் வீடு முதலில் வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம், அப்பாவுக்கு அங்கே வேலை. தரங்கம்பாடியில் எங்கள் அடுத்த தெருவுக்குக் குடிவந்தபோது இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு.

நுரையாம் நுரை! மெர்லினேதான்.

டிச. 14, ஞாயிறு

சர்ச். வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குப் பெயர் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

ஆராதனை முழுக்க மெர்லின் நினைப்பு. பிளஸ் டூ முடிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் சென்னையில் அனிமேஷன் படிக்க விண்ணப்பம் போட்டோம். எனக்கு இடம் கிடைத்தது, அவளுக்கு இல்லை. அதற்குள் அப்பா காதுக்குப் போய்விட்டது. "தனியா மெட்ராஸா? பேசாம இரு." அதோடு முடிந்தது. விண்ணப்பம் அடித்துக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர்தான் உளறினார் என்று அப்போதே தெரியும். இன்றுவரை அவர் கடையில் கால் வைத்ததில்லை, வணக்கத்துக்குப் பதில் வணக்கமும் சொன்னதில்லை.

அந்த மாதமே மெர்லின் என்னோடு பேச்சை நிறுத்தினாள். ஏன் என்று சொல்லவில்லை. நான் வாசலில் நின்று கூப்பிட்டபோது உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாள். பிறகு சென்னையில் ஏதோ வேலை என்று கேள்வி. எனக்கு அது ஆறவே இல்லை.

டிச. 15, திங்கள்

பாகம் 2 முடித்தேன்.

மதி ரகசியமாகப் படகு ஏறி ஊரைவிட்டுப் போகத் திட்டம் போடுகிறாள். காவல் மேட்டுக்குப் போய் அவளைக் காட்டிக்கொடுப்பது இனியா!

என் சிரிப்பு, என் கடலைத் தோல், என் கடைசிப் பக்கம், எல்லாவற்றையும் எடுத்து ஒரு துரோகிக்கு மாட்டிவிட்டிருக்கிறாள். நான் இவளைப் பற்றி யாரிடம் என்ன சொன்னேன்? மூளையைக் கசக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. எவளோ எதையோ கொளுத்திப்போட, நம்பிவிட்டாள் போல. அதுதான் பேசாமல் போனாளா? கேட்டிருக்கலாமே. வாய் இல்லையா?

படிவத்தில் 'வேண்டாம்' என்று எழுதினேன். காரணம்: நடையில் தொய்வு. தொய்வாவது மண்ணாவது. ஒரே மூச்சில் படித்தேன்.

டிச. 17, புதன்

வல்லம் பக்கம் நல்ல மழையாம், இங்கே வெறும் இருட்டு. ரேஷன் சர்க்கரை வாங்க வேண்டும்.

பிளஸ் ஒன் தர்ஷினி வந்தாள். நீர்மேட்டின் பரம ரசிகை. மூன்றாம் பாகம் வந்துவிட்டதாம், அவள் மாமா திருச்சியிலிருந்து வாங்கி வந்தாராம். எனக்குப் படிக்கக் கொடுத்தாள். அட்டை மடங்காமல் திருப்பித் தரவேண்டும் என்று எனக்கே கண்டிஷன்.

"இனியாதான் மிஸ் எனக்குப் புடிக்கும்."

"கூட இருந்தவளையே காட்டிக்குடுத்தவளாச்சே?"

"ஆமா மிஸ். ஆனா அதுக்கப்புறம் அந்த ஊர்லயே அவ மட்டும்தான் தூங்க மாட்டேங்குறா. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. என்னைத் தேடுவதிலேயே இருந்துவிட்டேன்.

டிச. 19, வெள்ளி

அரைப் பரீட்சை. நூலகத்தில் ஆள் இல்லை. பாகம் 3.

நீர்மேட்டில் வருஷப் பிறப்பன்று ஆளுக்கொரு சங்கு எடுக்க வேண்டும். சங்கில் ஒரு குறி இருக்கும், அதுதான் அவரவருக்கு அந்த வருஷத்து வாக்கு. மதியும் இனியாவும் மட்டும் எடுத்ததைப் பார்க்காமல் மாற்றிக்கொள்கிறார்கள். நீ எடுத்தது எனக்கு, நான் எடுத்தது உனக்கு.

அங்கேயே மூடிவைத்துவிட்டேன்.

சர்ச்சில் புது வருஷத்தன்று வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், கைக்கு வரும் வசனம்தான் வருஷம் முழுக்க. நானும் மெர்லினும் ஆறாம் வகுப்பிலிருந்து எடுத்த அட்டையைப் பிரிக்காமலே மாற்றிக்கொள்வோம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் விளையாட்டா இது என்று தோலை உரித்திருப்பாள்.

மறுபடி திறந்தேன். கடைசி வருஷம் மாற்றிக்கொண்ட பிறகு மதி கைக்கு வருவது பாறை. இனியா கைக்கு வருவது விளக்கு.

பிளஸ் டூ வருஷம் மெர்லினுக்கு வந்தது விளக்கு வசனம். எனக்கு வந்த அட்டை இன்னும் என் பைபிளில்தான். மத்தியானம் பர்மிஷன் போட்டு வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன்.

பாறை.

அப்படியானால் மதிதான் நான். அட்டையை மாற்றியது போலவே ஆட்களையும் மாற்றியிருக்கிறாள். அவள் வீடு எனக்கு, என் சிரிப்பு அவளுக்கு. கடலைத் தோல் தின்றுகொண்டு காவல் மேட்டுக்குப் போகிற இனியா, மெர்லின்.

இது தெரியக்கூடிய வாசகி நான் ஒருத்திதான்.

சரி, என்னை யாரிடம் காட்டிக்கொடுத்தாள்? எதை?

தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுத மனம் வரவில்லை.

டிச. 20, சனி

அப்பாவுக்கு போன். முதலில் மழை. "சம்பாவுல தண்ணி நிக்குது பாப்பா, வடிகாலத் தூர் வாரல இந்த வருஷமும்." பிறகு கிறிஸ்துமஸுக்கு எந்த பஸ். பிறகு அம்மாவின் முழங்கால். கேட்டேவிட்டேன்.

"அப்பா, நான் மெட்ராஸ் போகப் பாத்தேன்ல, அத உங்களுக்கு யாரு சொன்னா?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க."

"அந்த மெர்லின் பொண்ணுதான். ஒரே அழுக. 'எனக்கு சீட்டு வரல அங்கிள், அவளும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்'னு. நல்லதுக்குத்தானே சொன்னுச்சு."

"கம்ப்யூட்டர் சென்டர்காரரு?"

"அவரா? அவருக்கு என்ன தெரியும், பாவம்."

போனை வைத்துவிட்டேன். ஊருக்குப் போனால் அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது?

டிச. 22, திங்கள்

இரண்டு நாளாகக் கோபம். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில், பல் விளக்கும்போது. எனக்குக் கிடைத்த இடம் அது! தனியாக இருக்கப் பயந்து என்னைப் பிடித்து வைத்தாள், பிறகு என் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளே போய்விட்டாள். கடைசியில் இரண்டு பேரும் தனி. இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம். மூன்று பாகம் எழுதி, ஊரையே கடலில் முக்கி, அதற்குள் ஒளித்து வைத்துச் சொல்ல வேண்டுமா?

ஆனால் தர்ஷினி சொன்னதும் போகவில்லை. மூன்றாம் பாகத்தைத் தேடித்தேடிப் படித்தேன். இனியா ஓரிடத்தில்கூடத் தூங்கவில்லை.

படிவத்தில் 'வேண்டாம்' அடித்து 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரஸ்பாண்டன்ட் சார் பார்த்தார். "லவ்வு இருக்காம்மா?"

"இருக்கு சார். வேற மாதிரி."

சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

தர்ஷினி புத்தகத்தின் அட்டை ஓரம் மடங்கியிருக்கிறது. அதற்கு அவளிடம் என்ன சொல்ல?

ஜன. 1, வியாழன். தரங்கம்பாடி

மழை இல்லை. கடல் காற்று மட்டும். காலை ஆராதனை, அம்மாவின் புதுப்புடவை, வழக்கமான நீளப் பிரசங்கம். வாசலில் கம்ப்யூட்டர் சென்டர்காரர். நானாகப் போய்ப் புத்தாண்டு வாழ்த்து சொன்னேன். மனிதர் மிரண்டு போய்ப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

தட்டு வந்தது. ஓர் அட்டை எடுத்தேன்.

அம்மா: "என்ன வசனம்டி வந்துச்சு?"

"பாக்கலம்மா."

"பாக்காம?"

கோபம் இன்னும் இருக்கிறது. ஒரு வருஷத்தில் போகுமா என்றும் தெரியவில்லை. கவர் வாங்கி, நீர்மேடு போட்ட பதிப்பகத்தின் முகவரி எழுதி, 'நுரைக்கு' என்று போட்டேன். அட்டையைப் பிரிக்காமல் உள்ளே வைத்து ஒட்டினேன். நான் எடுத்தது என்னுடையது இல்லையே.