என்னைப் பெண் என்ற சோதனை

ஆடி வெள்ளி, இரவு.

ஆத்திரம் அடங்கவில்லை. டி.என்.ஏ.வை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் புதுச் சோதனையைச் சரிபார்க்க, தடய அறிவியல் ஆய்வகத்தில் நாங்களே வாய்க்குள் பஞ்சைத் தேய்த்துக் கொடுத்தோம். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான எனக்குப் 'பெண்' என்று வந்தது. மறுபடி கொடுத்தேன், அதேதான். சில ஆண்களுக்கு அந்தச் சோதனை தேடும் டி.என்.ஏ. துண்டு மட்டும் இருக்காது. அதை அறிக்கையில் எழுத வேண்டும் என்றேன்.

மேலதிகாரி சிரித்தார். "உன்னோட ஒண்ணுதானே, தூக்கிடுப்பா. மத்ததெல்லாம் கரெக்டா வந்துருக்குல்ல?"

என்னைத் தூக்கிவிடலாம். நாளைக்கு வீராம்பட்டினம் கடற்கரையில் ஆணா பெண்ணா என்றே தெரியாமல் அழுகி ஒதுங்குகிறவனுக்கும் அந்தத் துண்டு இல்லாவிட்டால்? மகனைத் தேடி வருகிறவளிடம், "இது பொம்பள பாடிம்மா, வீட்டுக்குப் போங்க" என்பார்கள்.

அந்த முடிவின் கீழே அவர் கையெழுத்து இருக்காது. என்னுடையதுதான் இருக்கும்.