ஏழாம் பக்கத்தில் சூசை

மார்ச் 7, 1955. திங்கள்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரம் நனைந்துவிட்டதால் பால் வெட்டு இல்லை. ஆபீஸ் முழுக்க ஈரச் சாக்கு வாடை. டைப்ரைட்டர் ரிப்பன் தீரப் போகிறது. மலாக்கா டவுனில் மரைக்காயர் கடையில் வாங்க வேண்டும். தலைவலித் தைலமும்.

சின்னத் துரைக்கு லண்டனிலிருந்து மறுபடி பார்சல். எல்லாம் சிப்பாய்களே எழுதிய சண்டைப் புத்தகங்கள். பத்துப் பேர், இருபது பேர் மோதிய சின்னச் சண்டைகள்தான் அவருக்கு வேண்டும். படித்துவிட்டு, பங்களாவில் சாப்பாட்டு மேசைமேல் ஈயப் பொம்மைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, அதே சண்டையைத் திரும்ப நடத்துவார். இப்போது தானே ஒரு புத்தகம் எழுதுகிறார். நம் தோட்டத்துச் சண்டை. டைப் செய்வது நான்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள்: "தொரை பொம்ம வச்சு வெளையாடுறாராம்லா." சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொம்மைகளில் ஒன்று சூசை.

8, செவ்வாய்

வெயில். ப. 7 வரை டைப் ஆயிற்று. கோபத்தில் விரல் தப்புத் தப்பாக விழுகிறது.

அவர் எழுதியிருப்பது: நாலு வருஷத்துக்கு முன் பால் லோரிக்குக் காவல் போன ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இருவர். (ஒருவன் சூசை, இன்னொருவன் நான், இந்த ஆபீஸ் வேலைக்கு முன்.) முனியாண்டி கோயில் வளைவில் சூசை லோரியை நிறுத்தி, துப்பாக்கியை சீட்டில் விட்டுவிட்டு, சூடம் கொளுத்த இறங்கினானாம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டார்களாம். மூடநம்பிக்கையால் செத்தானாம். உடனே துரை வந்து பிஸ்டலால் எல்லாரையும் விரட்டினாராம்.

பொய் 1. துரை வந்தது எல்லாம் முடிந்து அரை மணி கழித்து. சட்டை கசங்கவில்லை.

பொய் 2. சூசை வேதக்காரன். கழுத்தில் ஜெபமாலை. அவன் எதற்கு முனியாண்டிக்குச் சூடம் கொளுத்துகிறான்? தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்து வருஷம் எங்களிடம் வேலை வாங்குகிற மனுஷனுக்கு இது தெரியாது.

மூன்றாவது வேண்டாம். இரண்டே போதும்.

10, வியாழன்

புழுக்கம். பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் பச்சைத் துணி, ரப்பர் மரத்துக்குக் கார்க்குத் துண்டுகள், லோரிக்கு ஒரு தீப்பெட்டி. யார் எங்கே நின்றீர்கள், காட்டு என்றார். காட்டினேன். தாயம் உருட்டினார். விரலால் சுண்டிச் சூசையைச் சாய்த்தார். கோப்பி குடித்தார். மறுபடி நிமிர்த்தி வைத்து, மறுபடி சுண்டினார். அந்த விரலை ஒடிக்க வேண்டும் போல இருந்தது.

வேண்டாத புத்தகம் என்று ஒன்றை என்னிடம் தள்ளினார். யாரோ ஒரு சார்ஜண்ட் எழுதியது. பாதிச் சண்டையில் பள்ளத்தில் படுத்தே கிடக்கிறானாம், இதை வைத்து ஆட முடியாதாம்.

11, வெள்ளி

சார்ஜண்ட் புத்தகத்தை முடித்துவிட்டேன். தன் தப்பால் கூட்டாளி செத்ததை அந்த ஆள் தன் கையாலேயே எழுதியிருக்கிறான். பயத்தில் கால்சட்டை நனைந்தது வரைக்கும்.

மத்தியானம் சூசையின் மனைவி மேரி ஆபீஸ் வாசலுக்கு வந்தது. வாளியைக் கீழே வைக்கவில்லை. துரை புத்தகத்தில் தன் புருஷன் பேர் வருகிறதாமே என்று கேட்டது. வருகிறது என்றேன்.

"நல்லபடியா எழுதியிருக்காராண்ணே? அன்னைக்கு நடந்தத நீங்களும் முழுசா சொன்னதில்ல."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டது.

இங்கேயாவது எழுது, கோவிந்தா. லோரியை நிறுத்தச் சொன்னது நான். அந்த வளைவில் நிற்காமல் போகிற தோட்டத்து லோரி கிடையாது. நிற்கக் கூடாதென்று ஆர்டர் வந்தும் விடவில்லை. "திரும்பி வர்றப்போ கும்பிட்டுக்கடா" என்றான் சூசை. நான் கேட்கவில்லை. பூட்ஸோடும் துப்பாக்கியோடும் சாமி முன் நிற்கக் கூடாதென்று இரண்டையும் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். சுட ஆரம்பித்ததும் பீடத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு படுத்தேன். சூசை லோரிக்குள்ளேயே இருந்திருக்கலாம். என் கையில் ஒன்றும் இல்லையென்று இறங்கி ரோட்டில் நின்று சுட்டான். என்னைப் படுக்கச் சொல்லிக் கத்தினான். அப்புறம் விழுந்தான்.

விசாரணையில் நான் சொன்னது: ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கி இல்லாமல் இறங்கினான். யாரென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செத்தவன் தலையில் கட்டிவிட்டார்கள். லோரி டிரைவரும் போன வருஷம் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். துரை பொய்யன்தான். ஆனால் அந்தப் பொய்யை அவர் கையில் கொடுத்தவன் நான்.

12, சனி

தூறல். புது ரிப்பன் போட்டேன். ப. 7-ஐ மாற்றி டைப் செய்தேன். இறங்கியவன் பெயர் கோவிந்தன். துரையிடம் நீட்டினேன்.

படித்தார். சிரித்தார். ஒருவன் ஒளிந்து கிடக்கிற கதை எதற்கும் உதவாதாம். செத்தவனுக்குத் தெரியவா போகிறதாம். என் நல்லதுக்குத்தான் சொல்கிறாராம், பழைய பக்கமே போகட்டுமாம். முடியாது என்றேன். இந்தப் பதினாலு வருஷத்தில் ஒரு துரையிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இன்றுதான். பக்கத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். தானே டைப் செய்துகொள்வாராம்.

கார்பன் காப்பி என் சட்டைப் பையில். ஆனால் மேரிக்கு இங்கிலீஷ் தெரியாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

13, ஞாயிறு

வெயில். மேரி மாதா கோயிலிலிருந்து திரும்பும்வரை தொழிலாளர் லயத்துக் குழாயடியில் நின்றேன். சொன்னேன். பூட்ஸ், துப்பாக்கி, பீடம், விசாரணை, எல்லாம். முக்காட்டைக்கூட எடுக்காமல் கேட்டது. அழும், திட்டும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"நாலு கிறிஸ்மஸுக்கும் எங்க வீட்டுலதானே சாப்ட்டீங்க, அண்ணே."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.