ஒரே குரல் உள்ள சிந்தசைசர்

ஜனவரி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மாம்பூ கொட்டுகிறது. இவர் தோப்புக்கும் வீட்டுக்குமாக நடந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கொல்லங்கோடு போனேன். வேலைகள்: கீபோர்டுக்கு அடாப்டர் (வகுப்பில் ஒன்று புகைந்துவிட்டது), பொங்கலுக்கு வெல்லம், இவர் கண்ணாடிக்குத் திருகு.

அடாப்டர் மட்டும் வாங்கினேன். மற்றதெல்லாம் மறந்துபோனது. ஏன் மறந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மைக் செட் ஷாஜியின் கடை. பின்பக்கம், கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒரு பழைய சிந்தசைசர். கலைந்துபோன ஏதோ மெல்லிசைக் குழுவின் சாமான்களோடு மொத்தமாக வந்ததாம். ஜப்பான் சாமான். என் வயது இருக்கும். இரண்டு பக்கமும் மரப்பலகை, முகமெல்லாம் பழைய ரேடியோவில் இருப்பதுபோல் திருப்பும் திருகுகள். ஒரு திருகு தொலைந்து, அந்த இடத்தில் பற்பசை மூடி. சொந்தமாக ஸ்பீக்கர் கிடையாது, தாளம் கிடையாது, பியானோ வயலின் என்று பெயர் எழுதிய பொத்தான் எதுவும் கிடையாது.

ஷாஜி சொன்னார்: "சேச்சி, அது கேடான சாமான். ரெண்டு கட்டை சேத்து அமுக்கினா ஒண்ணு மாத்ரம்தான் கேக்கும். பாக்கி எல்லாம் செத்துப்போச்சு."

ஒன்றும் சாகவில்லை. அதன் பிறவியே அப்படி. ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. ஒரு ஆம்ப்ளிஃபயரில் மாட்டித் தரச் சொன்னேன். கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தினேன்.

எப்படி எழுதுவது? சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. பற்பசை மூடியைத் திருப்பினேன். வாயை மூடி முனகிக்கொண்டிருந்தது மெல்ல வாயைத் திறந்து 'ஆ' என்றது. இன்னும் திருப்பினால் இன்னும் பெரிய 'ஆ'. கைமயிர் எல்லாம் எழுந்து நின்றது. இத்தனை வருடம் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி ஆனதாக ஞாபகமே இல்லை.

பொங்கலோடு வகுப்பை மூடிவிடுவதாக இருக்கிறேன். இவருக்கு மட்டும் தெரியும். காது மரத்துப்போய்விட்டது. பிள்ளைகள் சரியாக வாசித்தாலும் தப்பாக வாசித்தாலும் எனக்கு ஒன்றுபோல் இருக்கிறது. வாத்தியாருக்கு வரக்கூடாத நோய். இன்றைக்குக் கேட்டதே, அது எந்தக் காது?

ஷாஜி மேலும் சொன்னது: நெல்லியாம்பதி ரிசார்ட்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருகிறார். ரிசப்ஷனில் வைக்க. மேலே பூச்சட்டி வைப்பாராம்.

"அப்ப சத்தம்?"

"சத்தம் எந்தினா சேச்சி? பாக்க நல்லா இருக்குல்ல, அது போதும்."

ஜனவரி 6, செவ்வாய்

காற்று குறையவில்லை. இவரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, வகுப்ப மூடறேன்னு சொன்ன. இப்ப பொட்டி வாங்கறேங்கற. மூடற கடைக்கு ஆராச்சும் சரக்கு எடுப்பாங்களா?"

"நீங்க வந்து ஒருக்கா கேளுங் மாமா. அப்பறம் பேசுங்க."

பிக்கப்பில் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் மாம்பூச்சி மருந்தைப் பற்றியே பேச்சு. கடையில் பெட்டி பளபளவென்று இருந்தது. ஷாஜிக்கு அதில் பெருமை. "நல்லா துடைச்சு வெச்சிருக்கேன் சேச்சி, ஓரோ திருகும் கழட்டித் துடைச்சேன்."

அழுத்தினேன். கொசு. வேறொரு திருகைத் திருப்பினேன். இன்னும் பெரிய கொசு. நேற்றைய சத்தம் எங்கேயும் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தியே கிடையாது. திருகுகள் நின்ற நிலைதான் சத்தம். கலைத்தால் போச்சு. நம் கீபோர்டில் இருப்பதுபோல் நம்பர் போட்டு வரவழைக்க முடியாது. நேற்று ஒருமுறை கேட்டேனே, அது இப்போது உலகத்திலேயே இல்லை. நானும் ஷாஜியும் மட்டும் கேட்ட சத்தம், ஷாஜி வேறு கவனிக்கவில்லை. கடையிலேயே கண் கலங்கிவிட்டது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் ஷாஜி, ரெண்டு நாள் ஊட்ல வெச்சுப் பாத்துப்போட்டுச் சொல்லட்டுங்களா?"

"ஞாயிறாழ்ச்சைக்கு முன்ன சொல்லணும், கேட்டோ."

மாங்காய்ப் பெட்டிக்கு விரிக்கும் வைக்கோலை விரித்து, அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தோம். கோவிந்தாபுரம் வரும்வரை நான் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில்.

ஜனவரி 8, வியாழன்

நேற்று எழுதவில்லை. நேற்று சமைத்தேனா என்பதே சந்தேகம்.

வகுப்பறையில் மேசைமேல் வைத்து, வகுப்பு ஸ்பீக்கரில் மாட்டியிருக்கிறேன். திங்கட்கிழமைச் சத்தத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. தேடும்போது கிடைத்தவை: மழைக்கால வாய்க்கால் தவளை. சங்கு. தூரத்தில் போகும் லாரி. பெயர் வைக்க முடியாத ஒன்று. அதைக் கேட்டதும் வாசலில் நாய் எழுந்து வந்து பெட்டியின் அடியில் பார்த்தது. எதையும் திரும்ப வரவழைக்க முடியாது என்று தெரிந்ததும் ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்கத் தொடங்கினேன். வேறு வழி இல்லையே.

ஒரு கட்டை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பாடுகிறது. அதற்காகக் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

மாலை வகுப்பு. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒருவரையும் தொடவிடவில்லை, நானே அழுத்தினேன். எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் கூட்டம் ஸ்பீக்கர் பக்கம் காதை நீட்டியது. கீதா மட்டும் குசுகுசுவென்று கேட்டாள்: "இதுக்குள்ள ஆரு மிஸ் இருக்காங்க?"

அவர்கள் நிற்கும்போதே அந்தக் கொடுமை நடந்தது. பிடித்திருந்த சுரம் தானாகக் கீழே இறங்கியது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன், மறுபடி இறக்கம். கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் பல் கூசுகிறது. கடையில் நன்றாகத்தானே இருந்தது. வைக்கோலில் குலுங்கி உள்ளே ஏதோ விட்டிருக்கும். என் கையாலேயே கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

கெடவில்லை. கெடவில்லை!

காலையில் ஒரு கட்டைமேல் இஞ்சி நசுக்கும் கல்லை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். சத்தம் ஒரே நேராக நின்றது. திடீரென்று இறங்கியது. அதே சமயம் தோப்புப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். கை ஈரத்தோடு போனை எடுத்தேன்.

"மாமா, மோட்டார ஆஃப் பண்ணுங்."

"தென்னைக்குத் தண்ணி ஓடுது புள்ள."

"ஒரே ஒருக்கா."

ஆஃப் செய்தார். சுரம் ஏறி உட்கார்ந்தது. ஆன். இறங்கியது. மறுபடி ஆஃப். நான் போனிலேயே சிரித்தேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்க்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

வோல்டேஜ்தான். பெட்டிக்குள் கரண்ட்டைச் சீராக்கும் பாகம் வயதாகித் தளர்ந்திருக்க வேண்டும். கரண்ட் சோர்ந்தால் சுரமும் சோர்கிறது. நேற்று சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போட்ட நேரம்.

அதற்குப் பிறகு காலை முழுக்க அந்த ஒரே சுரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இவரும். கிழக்குத் தோட்டத்துக்காரர் மோட்டார் போட்டால் கொஞ்சம் சரிகிறது. அரவை மில் ஓடினால் நன்றாகவே தொய்கிறது. மில் நின்றதும் பெருமூச்சு விட்டு ஏறுகிறது. இந்தக் கம்பியில் தொங்கும் வீடு, தோட்டம், மில் எல்லாம் சேர்ந்து இதை வாசிக்கின்றன. இத்தனை காலம் இதே கரண்ட்டில் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஊர் முழுக்க என் வீட்டுச் சுவருக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பது தெரியாது. பயமாகக்கூட இருந்தது. கும்பிடத் தோன்றியது என்று எழுதினால் மிகையா? தோன்றியது.

இவர்: "இப்ப எறங்குச்சே, அது பழனிச்சாமியண்ணன் மோட்டாரு. என்ன பந்தயம்?"

மத்தியானம் ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கொண்டுவந்து பெட்டிக்கு மாட்டினார். சுரம் நேராக நின்றது. ஆக, வாசிக்கலாம்.

ஜனவரி 10, சனி

காற்று நின்றிருக்கிறது. தோசை மாவு புளித்துப்போனது (ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃப்ரிட்ஜ் போட இவருக்குப் பயம்).

நிதானமாக யோசித்தேன். பழுதானால் பார்க்க இந்தப் பக்கம் ஆளில்லை. பிள்ளைகளுக்கு இதில் பாடம் நடத்த முடியாது. ஒரு கையைக் கட்டிப்போட்டுச் சமைக்கச் சொல்வதுபோல். மார்ச் வெயிலில் என்ன ஆகுமோ. ஷாஜி சொல்லும் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கலாம். மாங்காய் சீசனில் இந்த அறையிலும் பெட்டி அடுக்க வேண்டியிருக்கும். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அந்த சவுண்டெல்லாம் இப்ப ஃபோன்லயே வருதும்மா. ஆப் அனுப்பறேன்."

அனுப்பினாள். அவள் சொன்னது நிஜம். எல்லாச் சத்தமும் அதில் இருக்கிறது, நம்பரோடு. கேட்டேன். கைமயிர் படுத்தே கிடந்தது.

இருந்தாலும் வீடு என்று ஒன்று இருக்கிறது. ஷாஜிக்குப் போன் செய்து, ரிசார்ட்காரருக்கே கொடுத்துவிடச் சொன்னேன். "நேரா இங்க வந்தே எடுத்துக்கச் சொல்லுங்க."

இவரிடம் சொன்னபோது "சரி புள்ள" என்றார். கேலி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

பெட்டியும் போய், வகுப்பும் முடிந்தால், ஒரே சமயத்தில் முடிந்ததாக இருக்கும், நல்லதுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நல்லதில்லை. எனக்கு அது வேண்டும். இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பத்து மணிவாக்கில் ஜீப். ஷாஜியும் ரிசார்ட்காரரும். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரப்பலகையைத் தடவினார். "அழகா இருக்கு மேடம். பாலிஷ் போட்டா இன்னும் தெளிஞ்சு வரும்."

"வாசிச்சுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. மரியாதைக்காகச் சரி என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு சுரம். மேலே ஒன்று. திருகு எதையும் யோசித்துத் திருப்பவில்லை, கை போனபடி. இதுவரை வராத ஒன்று வந்தது. தாழ்வாக, அகலமாக. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஷாஜி வாயைத் திறந்தவர் மூடவில்லை. "சேச்சி, இதா அது?" என்றார் கடைசியில். ரிசார்ட்காரர் கதவுப் பக்கம் ஒரு எட்டு பின்வாங்கிவிட்டார்.

"இது எந்தப் பாட்டு மேடம்?"

"பாட்டில்லைங்க."

தலையாட்டினார். பிறகு குனிந்து பின்பக்கம் பார்த்து, ஷாஜியிடம் மெல்லச் சொன்னார்: "இந்த ஒயர் தொங்கினா பாக்க நல்லா இருக்காது. இங்கயே வெட்டிக்கலாம். ஒரு கட்டிங் பிளேயர் இருக்குமா?"

ஷாஜி ஜீப்புக்குப் போய் எடுத்துவந்தார். என்னை எழுந்து கொஞ்சம் நகரச் சொன்னார்கள். நகர வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று போனில் ஒப்புக்கொண்டவள் நான்தான். கால் எழவில்லை. கட்டையிலிருந்து விரலும் எழவில்லை. சத்தம் போய்க்கொண்டே இருந்தது. "சேச்சி" என்றார் ஷாஜி. "மேடம்" என்றார் அவர். நான் பற்பசை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். ஷாஜி கையிலிருந்த பிளேயரை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவ எந்திரிக்க மாட்டாளுங்க. நீங்க டீ குடிச்சுப்போட்டுப் போங்க."

டீ போடவும் நான் எழுந்திருக்கவில்லை. அவரே போட்டார்.