ஓணானுக்குக் கட்டின பாலைவனம்

இன்று காலை ஓணான் பெட்டியின் சூட்டு விளக்கைப் போட்டதும் தூசி கருகுகிற வாடை வந்தது. அது மூக்கில் ஏறினவுடன் உம் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும். செத்தவரை ஏசக் கூடாது என்பார்கள். உம்மை ஏசாமல் வேறு யாரை ஏச?

முதலில் உம் மகனைச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பெற்றவர்களிடம் பிள்ளையை விட்டுப் போவார்கள், இல்லையென்றால் நாயை. உம் சீமந்த புத்திரன் பெங்களூரில் ஆசைக்கு வாங்கின தாடி ஓணானை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கி, "கொஞ்ச நாளைக்கு வச்சுக்கிடுங்கப்பா" என்று சொல்லி விமானம் ஏறினான். அது ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பிராணி. வந்து சேர்ந்த இடமோ சேரன்மகாதேவி. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல், வயலைத் தாண்டினால் ஆறு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்று சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். நீர் செய்தே காட்டினீர்.

உம் அறிவுக்கு எட்டின வீடு, பரணில் கிடந்த பழைய மீன்தொட்டி. உவரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்புகிற வேனில் மணல்மேடாய்க் கிடக்கும் தேரிக்காட்டுச் செம்மணலை உரச்சாக்கு நிறைய ஏற்றி வந்தீர். பட்டுப்புடவைக்காரிகளின் காலடியில் மண்மூட்டை! அதைத் தொட்டியில் கொட்டிப் பரத்திவிட்டு, "பாலைவனத்து ஜீவனுக்குத் தேரி மணலு. எப்படிவே நம்ம யோசனை?" என்று என்னிடம் மீசையைத் தடவினீர்.

அதோடு விட்டீரா? தொட்டிக்கு இரண்டு பக்கமும் குண்டு பல்பு, மேலே கண்ணாடி மூடி. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். வடாம் காயவைக்கலாம் போல இருந்தது.

"ஒரு பக்கந்தாம்வே சூடு இருக்கணும்" என்றேன். "மறுபக்கத்தைக் குளுமையா விடும். அது வேணுங்கிறப்ப அங்கனயும் இங்கனயும் போய்க்கிடும். இந்த மணலையும் நீரு அள்ளி வெளிய கொட்டும், இல்லேன்னா இரையோட சேத்து அது முழுங்கிரும்."

"பாலைவனம்னா முழுக்கச் சூடுதாம்வே. பாதி பாலைவனம், பாதி குத்தாலம்னு எங்கயாவது உண்டா? தபாலாபீசுல முத்திரை குத்துன ஆளு எனக்குப் பாடம் சொல்லுதீராக்கும்!"

தாலுகா ஆபீசில் மனுவோடு வந்தவர்களை நிற்கவைத்தே பேசிப் பழகின வாய் அது. அந்த வாய்க்குக் காது கிடையாது. பாலைவனத்திலும் உச்சிவெயில் வந்தால் ஓணான்கள் புதர் நிழலைத் தேடிப் பதுங்கும் என்று படித்துவந்து சொன்னேன். நீர் கொட்டாவி விட்டீர்.

ஒரு மாதம் ஆகவில்லை, ஓணான் இரையைத் தொடவில்லை. காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. அப்போது உம் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் மதுரையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதைச் செருப்புப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினீர். துணைக்கு நான். "ஏ தம்பி, பைய போகச் சொல்லப்பா, மடியில சீக்காளி இருக்கு" என்று வழியெல்லாம் கண்டக்டரின் உயிரை எடுத்தீர். மதுரையில் படம் எடுத்துப் பார்த்தால் வயிறெல்லாம் மணல். டாக்டர் நான் சொன்னதையே வார்த்தை பிசகாமல் சொன்னார். அவரிடம் கைகட்டி நின்று தலையாட்டினீர்.

ஓணான் பிழைத்தது. ஆசாரியைக் கூப்பிட்டு மரத்தில் பெரிய பெட்டியாகச் செய்தீர். காற்றுப் போகத் துளைகள், தரைக்கு ஓடு, ஒரு ஓரத்தில் விளக்கும் அதன் கீழே ஏறிப் படுக்கச் செங்கல்லும், மறு ஓரத்தில் நிழலுக்குக் கவிழ்த்த அரைப்பானை. வெயிலுக்குப் பதிலாக டாக்டர் சொன்ன நீளக் குழல்விளக்கை, கண்ணாடி அதன் கதிரை மறித்துவிடும் என்று, முன்பக்கக் கண்ணாடிக்கு வெளியே வைக்காமல் உள்ளேயே மாட்டினீர். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒரு பக்கஞ் சூடு, ஒரு பக்கங் குளுமை. எல்லாம் நம்ம யோசனைதான்" என்றீர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெட்கங்கெட்ட மனுஷன்.

பிறகு அந்தக் காலை. பெட்டி முன்னால் நாற்காலி போட்டு, ஓணானுக்குக் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தீர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளை நீவிக்கொண்டே இருந்தீர்.

"எழும்பும்வே. ஆஸ்பத்திரி தெருமுனையிலதான இருக்கு" என்றேன்.

"வாயுவே. ராத்திரி தின்ன மொச்சை. பைய போவோம்."

உம் வீட்டு மதினி உம் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஏட்டி, போயி ஒரு சோடா வாங்கியா" என்று அவர்களை விரட்டினீர். நான் ஓடிப்போய் ஆட்டோவோடு வந்தேன். "இவரு ஒருத்தரு, டாக்டரு கணக்கா" என்று சிரித்தீரே தவிர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டோக்காரன் பார்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. ஓணானுக்காக மதுரை வரை போன மனுஷனுக்குத் தெருமுனை தூரமாகிவிட்டது. தூ! இதைவிட ஒரு முட்டாள்தனத்தை நான் பார்த்ததில்லை.

காரியத்துக்கு வந்திருந்த உம் மகன், "மாமா, அத தேரிக்காட்டுல கொண்டுபோயி விட்ருவோமா? பாலைவனத்து ஜீவன்தான" என்றான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. வாயில் வந்ததைச் சொல்லி அவனை ஏசிவிட்டு, பெட்டியை என் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். மதினி தினமும் வந்து கீரை கொடுக்கிறார்கள். நாங்கள் உம்மைப் பற்றிப் பேசுவதில்லை.

இதை எழுதுகிறபோது அது செங்கல் மேல் கிடக்கிறது. உடம்பு காய்ந்ததும் வாயைப் பிளக்கும், அதற்குமேல் தாங்காது என்று அர்த்தம். இதோ பிளந்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, யாரும் ஆட்டோ கொண்டுவரவில்லை. தானாக இறங்கி மறுபக்கத்து நிழலுக்குப் போய்விட்டது.

ஒரு ஓணானுக்குத் தெரிகிறது. உமக்குத் தெரியாமல் போச்சேவே.