மேட்டில் மூடாமல் கிடக்கும் குழி

உங்களைத் தேயிலைத் தோட்டத்துக்குள் விடவில்லை, வாத்தியாரே. தோட்டத்து இடுகாட்டு மேட்டில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் நாங்கள் குழி வெட்டி வைத்திருக்க, டவுன் மயானத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே உங்களைப் புதைத்துவிட்டு வந்தோம். தடுத்தவர் தோட்டத்தை நடத்தும் தொரை. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் எல்லோரும்.

இன்று விடிந்ததிலிருந்து மழை. வாசலில் சாத்தியிருக்கும் மண்வெட்டியில் மேட்டுமண் இன்னும் ஒட்டியிருக்கிறது. நனைந்ததும் அதன் வாசனை என் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

நான் உங்களைவிட மூத்தவன். பள்ளிக்கூடம் போகாதவன். கடையில் சாமான் சுற்றித் தந்த தாள்களை வைத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தவன். நீங்கள் இதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து பேராசிரியரானவர். விடுமுறைக்கு நம் அக்கரப்பத்தனைக்கு வந்தால் என் காம்பராவில்தான் தங்குவீர்கள். நான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். நீங்கள் வரிக்கு வரி மறுப்பீர்கள். எனக்குக் கோபம் வரும்.

“உங்களுக்கு வாத்தியார் வேணாண்ணே. சண்டை போட ஒரு ஆளுதான் வேணும்” என்று சிரிப்பீர்கள்.

அந்தச் சண்டையில்தான் நான் யோசிக்கக் கற்றேன். எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடையாது என்று அரசாங்கத்திலிருந்து பதில் வந்த அன்று, நான் இடிந்து உட்கார்ந்திருந்தேன். “முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு கேளுங்க. விடாம கேளுங்க” என்றீர்கள். இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு தடவை புதுக் காவல்காரன் உங்களைக் கேட்டில் மறித்தான்.

“யாரப் பாக்கணும்?”

“எங்கம்மாவ.”

“எந்த லயம்?”

“லயத்துல இல்லப்பா. மேட்டுல படுத்திருக்காங்க.”

அவன் முழித்ததை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். மேட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றது. “அண்ணே, எனக்கும் இங்கயே ஒரு எடம் பாத்து வைங்க” என்றீர்கள். “மூத்தவன் நானு. மொதல்ல எனக்குப் பாருங்க” என்றேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

உங்கள் சாவுச் செய்தி வந்ததும் தப்புப் பறை அடித்தோம். லயத்து ஆம்பிளைகள் வேலைக்குப் போகாமல் மண்வெட்டியோடு மேட்டுக்கு ஏறினார்கள். தோட்டத்தில் குழி வெட்ட யாரும் யாரிடமும் கேட்டதில்லை. இந்தச் சாவுக்கும் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களை ஏற்றிவந்த வேன் கேட்டுக்கு வந்தபோது தொரைக்குக் கீழே வேலை பார்க்கும் கண்டாக்கையா குறுக்கே நின்றார்.

“வேலையாளு செக்ரோல்ல பேரு இல்லாத ஆள உள்ள பொதைக்கக் கூடாது. தொரை உத்தரவு.”

“செத்தவருக்கு எதுக்குங்க செக்ரோலு? நாளைக்கு வந்து கொழுந்தா எடுக்கப் போறாரு?” என்றேன்.

“என்கிட்ட கத்தி என்ன புண்ணியம்? நானும் சம்பளக்காரன்தான்யா.”

நான் விடுவதாக இல்லை. உங்கள் மனைவிதான் வேனிலிருந்து இறங்கி வந்தார். “ரோட்டுல போட்டுக்கிட்டுச் சண்ட வேணாங்கண்ணே. அவரு மொகத்தப் பாருங்க.” நான் ஒதுங்கினேன். வேன் திரும்பியது.

மறுநாள் குழியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வெறுங்குழியை மூடினால் இன்னொரு உயிரைக் கேட்கும் என்பது நம் ஆட்களின் பயம். அதனால் கங்காணி ஒரு கட்டு மிலாறை வேட்டியில் சுற்றித் தூக்கி வந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, உங்களுக்குப் பதிலாக. நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

“ஏறி வாய்யா கெழவா” என்றார் கங்காணி.

“என்னையும் சேத்து மூடு.”

ஒருவரும் மண் தள்ளவில்லை. குழி அப்படியே கிடக்கிறது. மேலே தகரம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் சரிகிறது. இறங்கிச் சேற்றை அள்ளுகிறேன். ஏறும்போது சறுக்கி விழுகிறேன். இந்த மழைக்காலத்தைக் குழியும் தாங்காது, நானும் தாங்க மாட்டேன் போலிருக்கிறது.

ஆகவே நடக்க வேண்டியதை எழுதி வைக்கிறேன். டவுனில் உங்களுக்கு மாலை போட்டுப் பேசிய தொழிற்சங்கத் தலைவர், அதே பேச்சைத் தொரை பங்களா வாசலில் பேச வேண்டும். ஏன் முடியாது என்பதைத் தொரை தன் வாயால் சொல்ல வேண்டும். உங்களோடு வேலை பார்த்த பேராசிரியர்கள், உங்களைத் தோண்டி எடுத்து வரக் கோர்ட்டில் அனுமதி கேட்க வேண்டும். உங்கள் மனைவி அதற்குச் சம்மதிக்க வேண்டும். கண்டாக்கையா கேட்டைத் திறந்தால் போதும். லயத்து ஆட்கள் மழை விட்டதும் வந்து சேறு அள்ள வேண்டும், நான் கூப்பிடாமலே.

அதற்குள் நான் போய்விட்டால், ரெடியாக ஒரு குழி இருக்கிறதே என்று என்னை அதில் இறக்கிவிடக் கூடாது. என் மகன் எனக்கு வேறு வெட்ட வேண்டும்.