எட்டாம் நம்பரின் முழங்கால்

19-11-88, சனி
மதியம் வரை தூறல். ஸ்டவ் திரி மாற்ற வேண்டும். கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

மாலை இலங்கை டிவியில் வாலிபால். படம் சுமார், புள்ளி புள்ளியாக. மூன்றாவது செட்டில் எட்டாம் நம்பர் வலைக்கு மேல் எழும்பி அடித்துவிட்டு இறங்கும்போது வலது முழங்கால் மடங்கியது. எழவில்லை. இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். உடனே சோப்பு விளம்பரம். பிறகு செய்தி.

செய்தி முடிந்தும் டிவியை அணைக்கவில்லை.

20, ஞாயிறு
பேப்பர் முழுக்கப் பார்த்தேன். கிரிக்கெட், கிரிக்கெட். அவனைப் பற்றி எங்கே வரும்? எனக்கே பெயர் தெரியாதே. வர்ணனை சிங்களத்தில். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் பார்க்கிறேன். முதுகில் இருப்பது எட்டா மூன்றா என்றுகூடச் சில நாள் சந்தேகம். ஆனால் ஆளைத் தெரியும். சர்வீஸ் போடுமுன் பந்தை உள்ளங்கையில் இரண்டு தடவை உருட்டுவான். இடது தோளை ஒரு குலுக்கு. பிறகுதான் அடி.

உதாரணமாக, என்னிடம் எட்டாம் வகுப்பு பி-யில் படித்த மாரியப்பன். இருபது வருடம் கழித்து மதுரை பஸ் ஸ்டாண்டில் முதுகை மட்டும் பார்த்துக் கூப்பிட்டேன். ஒரு தோளைத் தாழ்த்தி நடப்பான். திரும்பினால் அவனேதான்.

என் மனைவி காமாட்சி இருந்திருந்தால் இவனுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பாள். பால்காரர் மாட்டுக்கே வைத்தவள்.

டீக்கடையில் ஒருவர்: "வாத்தியாரே, அங்கன நம்ம சனத்தை அந்த அடி அடிக்கான். நீங்க அவன் பந்தடிக்கதுக்குக் கை தட்டுதிய."
டீயை ஆற்றினேன். அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும், முழங்கால்.

22, செவ்வாய்
பக்கத்து வீட்டு மைதீன் பாய் வந்தார், இரும்புக்கடைக்காரர். இரண்டு வீட்டு டிவிக்கும் ஒரே ஆன்டெனா. பைப் அவர் மாடியில். கொடைக்கானல் டவர் வந்ததும் தெருவில் எல்லா ஆன்டெனாவும் வடக்கே திரும்பிவிட்டன. எங்களுடையது மட்டும் இன்னும் தென்கிழக்கே, கடலைப் பார்த்து. என் பொருட்டு.

"சார், தப்பா நினைக்காதீங்க. பிள்ளைக பாட்டுப் பாக்க அடுத்த வீட்டு வாசல்ல போயி நிக்குதுக. வீட்ல அவ கெடந்து சத்தம் போடுதா. வெள்ளிக்கிழமை திருப்பிருவோம்னு பாக்கேன்."
"சரி பாய்."
"நீங்களும் மெட்ராஸ் பாக்கலாம்லா? தமிழு. ஒண்ணும் வெளங்காம எம்புட்டு நாளைக்கு அதையே பாப்பிய?"

நியாயம்தான். முழங்கால் விஷயத்தைச் சொல்ல வெட்கம்.

24, வியாழன்
ராஜபாளையம். ரேடியோ ரிப்பேர் கடை. என் வீட்டுக்குத் தனி ஆன்டெனா கேட்டேன்.
"அம்புட்டு உசரப் பைப்பு உங்க ஓடு தாங்காது சார். அது போக, அந்தப் பக்கம் இனி யாரு பாக்கா?"

கடையில் நான்கு டிவி. நான்கிலும் ஒரே கிரிக்கெட்காரர், மூக்கு வேர்வை வரை தெரிகிறது. வாசலில் நின்றவர்கள் பெயர் சொல்லித் திட்டினார்கள், வீட்டுப் பிள்ளையைத் திட்டுவதுபோல. எனக்குப் பெயர் சொல்லித் திட்டக்கூட வழியில்லை.

ஊர் திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். கண்ணாடி ஸ்க்ரூ மறந்துபோயிற்று.

25, வெள்ளி
திருப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல். படம் அவ்வளவு தெளிவு. அரை மணி பார்த்து அணைத்தேன். பிறகு மனசு கேட்காமல் பாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"காலு மடங்கின பையனா? மொதல்லயே சொல்லப்படாதா சார்! நாளைக்குச் செத்த நேரம் திருப்பித் தாரேன். பேரு என்ன?"
"தெரியாது."
"பேரு தெரியாதவனுக்கா இந்தப் பாடு?" சிரித்தார். நானும்.

26, சனி
மழை இல்லை. மகனுக்குக் கடிதம், பாதி.

ஐந்தரைக்கு பாய் மாடியேறிப் பைப்பைத் திருகினார். நான் ஜன்னலைத் திறந்துவைத்து டிவி முன்னால்.
"தெரியுதா சார்?"
"இல்லை."
"இப்போ?"
"இன்னும் கொஞ்சம்."

புள்ளிகளுக்கு நடுவே வலை. ஆட்கள். எட்டாம் நம்பர் சர்வீஸ் கோட்டுக்குப் போகிறான். எழுந்து நின்றுவிட்டேன்.

பந்தை உருட்டவில்லை. தோளும் குலுங்கவில்லை. நேரே தூக்கி அடித்தான். சட்டை அதுதான். ஆள் வேறு.

ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் கேமரா போகுமா என்று பார்த்தேன். போகவில்லை.

"சார்! தெரியுதா? கை வலிக்கி!"
"தெரியுது பாய். போதும். திருப்பிருங்க."
"பையன் வந்துட்டானா?"
"எட்டாம் நம்பர் ஆடுதான்," என்றேன்.

மாடியில் பாய் கை தட்டுகிற சத்தம்.