நீங்கள் தலைமுழுகிய மகளுக்கு உங்கள் வீடு

அப்பா,

இன்று காலை திருப்பாதிரிப்புலியூர் வீட்டின் கதவைத் திறந்ததும் உங்கள் மூக்குப்பொடி நெடி முகத்தில் அடித்தது. நீங்கள் போய் ஒரு வருஷமாகியும் அது போகவில்லை. பிடிவாதத்தில் அதுவும் உங்களைப் போலத்தான். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்த வீடு இப்போது அக்காவுடையது. உயிலில் எனக்கு மட்டும் எழுதிவைத்தீர்களே, அதை நேற்று ரிஜிஸ்தர் ஆபீசில் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

அக்கா வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போன அன்று, எழவுக்குக் குளிப்பது போலக் கிணற்றடியில் தலைமுழுகினீர்கள். ஈரத்துண்டோடு உள்ளே வந்து, இனி எனக்கு ஒரே பெண்தான் என்றீர்கள். எதிரில் நின்ற எனக்கு அது பெருமையாக இருக்கும் என்று வேறு நினைத்தீர்கள். எனக்கு உங்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அதையாவது வறட்டு கௌரவம் என்று விடலாம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்த நாட்களை என்னவென்று சொல்வது? கடலூரில் வேலை முடித்து பஸ் பிடித்து வரும் எனக்குச் சமைக்க ஏது நேரம்? அக்காதான் கேரியரோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். நான் வாங்கி வந்து உங்களுக்குப் போடுவேன். யார் சமையல் என்று உங்களுக்குத் தெரியாது என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். ஒருநாள் மீன்குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னு அவகிட்ட சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். உங்கள் மனசு இறங்கிவிட்டது என்று நம்பினாள். கூப்பிட்டு அனுப்புவீர்கள் என்று அதற்குப்பிறகு தினமும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நீங்கள் கூப்பிடவில்லை. உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் வக்கீலை வரவழைத்து, என்னைத் தவிர வேறு வாரிசே கிடையாது என்று எழுதினீர்கள். அவள் சோற்றைத் தின்ற கையாலேயே கையெழுத்துப் போட்டீர்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள்.

அக்கா வாடகை வீடு வாடகை வீடாகக் குடிமாறிக்கொண்டிருந்தாலும், இந்த வீட்டை வாங்கிக்கொள்ள அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"செத்தவளுக்கு எதுக்குடி வீடு?" என்றாள்.

"அவுரு குடுக்கல. நான் குடுக்கறேன். வாங்கிக்க."

ரிஜிஸ்தர் ஆபீசில் அவளுடைய அப்பா பெயரைக் கேட்டார்கள். சொல்லலாமா என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள். பெற்றவர் பெயரைச் சொல்லக்கூட அவளை அனுமதி கேட்க வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பிறகு சொன்னாள். பத்திரத்தில் உங்கள் மகள் என்றே பதிந்தார்கள்.

மதியம் அவள் சாமான்களோடு வருகிறாள். உங்கள் படத்தைக் கூடத்தில் மாட்டி, தினமும் பூ வைப்பாளாம். அவள் உங்களை மன்னித்துவிட்டாள், அது அவள் குணம். அவள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். உங்கள் மேல் இருக்கிற இந்தக் கோபத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அது என் பங்கு.